தாடிக்காரரை விட்டுவிடலாமா?

ஏப்ரல் கடைசியில் ஒரு சாயங்காலம், அமெரிக்காவில் ரிச்சர்ட்சன் என்கிற ஊரில் இருக்கும் தமிழ் ஆண்கள் நாங்கள் சிலர் திடீரென்று நிபுணர்களாகிவிடுவோம். கல்லூரியை முடித்து வரும் பையன்களில் எங்கள் ஊர் ஃபுட்பால் அணி யாரை எடுத்துக்கொள்ளப் போகிறது என்று அன்றுதான் டிவியில் அறிவிப்பார்கள். இதற்கு ட்ராஃப்ட் என்று பெயர். இந்த ஃபுட்பாலில் காலுக்கு அதிக வேலை கிடையாது. ஹெல்மெட் மாட்டிய ஒருவர், உரித்த தேங்காய் மாதிரி இருக்கும் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுவார். மற்றவர்கள் அவர் மேல் விழுந்து அமுக்குவார்கள். இவ்வளவு தெரிந்தால் போதும். முதல் சில வருடங்கள் எனக்கே இவ்வளவுதான் தெரியும். அதற்காக நான் கருத்துச் சொல்லாமல் இருந்ததில்லை.

மேடையில் பெயரைச் சொன்னதுமே பையனுடைய உயரம், எடை, படித்த காலேஜ், ஓட்ட வேகம் எல்லாம் டிவியில் வரும். கல்யாண பயோடேட்டா பார்த்தே வளர்ந்த ஜனங்கள் நாங்கள், சும்மா இருப்போமா? காலேஜ் சுமார்தான் என்பார் ஒருவர். உயரம் பத்தாது என்பார் இன்னொருவர். ராசி நட்சத்திரம் ஒன்றைத்தான் கேட்பதில்லை. கதவு நிலையை அடைத்துக்கொண்டு நிற்கும் ஒரு மலையைப் பார்த்து, "ஆள் கொஞ்சம் ஸ்லோ" என்று சொன்னவன் நான். சொல்லும்போது என் கையில் சமோசா இருந்தது. லாண்டிரிக் கூடையோடு மாடி ஏறினால் நடுப்படியில் ஒரு ஸ்டாப் போட்டு மூச்சு வாங்குகிறவன் நான் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கே கிரேடும் போட்டுவிடுவோம். ஏ, பி, சி மைனஸ். பையன் மேடைக்குப் போட்டு வந்த கோட்டைக்கூடக் கழற்றியிருக்க மாட்டான், அதற்குள் அவன் எதிர்காலத்தை நாங்கள் முடித்திருப்போம். நான் சி மைனஸ் போட்ட ஒருவருடைய ஜெர்சி நம்பரைத்தான் இன்று ஊர்ப் பிள்ளைகள் முதுகில் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். நான் ஏ பிளஸ் கொடுத்து, எழுந்து நின்று கைதட்டிய ஒருவர், இப்போது ஃப்ரீவே ஓரத்து விளம்பரப் பலகையில் பழைய கார் விற்கிறார். ஆபீஸ் போகும் வழியில் தினமும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

வாயோடு நிறுத்திக்கொண்டிருந்தால் கொஞ்சம் மானம் மிஞ்சியிருக்கும். ஃபேண்டஸி லீக் என்று ஒன்றை ஆரம்பித்தோம். ஆரம்பித்தவன் என் பழைய ரூம்மேட். அமெரிக்கா வந்த புதிதில் பிளெய்ன்ஸ்பரோ என்கிற ஊரில் ஒரே அபார்ட்மென்ட்டில் நான்கு பேர் இருந்தோம், அதில் ஒருவன். இப்போது ரிச்சர்ட்சனில் என் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளிக் குடியிருக்கிறான். என்னை விட்டுப் போக அவனுக்கு மனசு வரவில்லை என்று நான் சொல்வேன். கிண்டல் செய்ய வேறு ஆள் கிடைக்கவில்லை என்று அவன் சொல்வான்.

லீக் என்பது கற்பனை அணி. ஆகஸ்ட் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரூம்மேட் வீட்டில் கூடுவோம். நிஜ ஆட்டக்காரர்களை முறை வைத்து, சுற்றுச் சுற்றாக, ஆளுக்கொருவராக எடுத்துக்கொண்டே போவோம். ஒருவர் எடுத்தவரை இன்னொருவர் எடுக்க முடியாது. அதன் பிறகு வாராவாரம் அந்த ஆட்டக்காரர்கள் மைதானத்தில் சம்பாதிக்கிற பாயிண்ட் நம் கணக்கில் ஏறும். ஒருவர் சரிப்படவில்லை என்றால் அவரை விட்டுவிட்டு, யாரும் சீந்தாமல் கிடக்கிற ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். டிசம்பரில் கதை முடியும். முதலில் வந்தவருக்கு ஒரு பிளாஸ்டிக் கோப்பை. கடைசியில் வந்தவருக்குப் பொங்கல் விழா மேடையில், எல்லாக் குடும்பங்களும் பார்க்க, ரூம்மேட் போடுகிற பாட்டுக்கு ஒரு முழு நடனம்.

முதல் வருடம் நான் இன்ஜினியர் மாதிரி யோசித்தேன். முந்தைய வருடம் அதிகப் பாயிண்ட் எடுத்தவர்கள் யார் என்று அட்டவணையை இறக்கி, வரிசைப்படுத்திப் பார்த்தேன். உச்சியில் இருந்தவர்கள் எல்லாரும் கிக்கர்கள். மற்றவர்கள் அடிபட்டு உதைபட்டுப் பந்தைக் கொண்டுவந்து சேர்த்தபின், கசங்காத சட்டையோடு வந்து ஒரு உதை உதைத்துவிட்டுப் போகிறவர்கள். கிரிக்கெட்டில் அதிக ரன் எடுத்தவனைத்தானே முதலில் எடுப்போம்? முதல் சுற்றிலேயே கம்பீரமாக ஒரு கிக்கரை எடுத்தேன். அறையே விழுந்து விழுந்து சிரித்தது. கிக்கர்களுக்குள் பெரிய வித்தியாசம் இருக்காது, கடைசிச் சுற்றில் கண்ணை மூடிக்கொண்டு ஒருவரை எடுத்தால் போதும் என்பது என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, இலை போட்டவுடன் பீடா கேட்டவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள்.

அந்தப் பொங்கலுக்கு ஆடினேன். அதற்கடுத்த பொங்கலுக்கும் ஆடினேன். பள்ளிக்கூடம் போகும் என் மகள், "அப்பா, ப்ளீஸ், திஸ் இயர் டோன்ட் கம் லாஸ்ட்" என்று கேட்டுக்கொள்ளும் நிலைமைக்கு வந்துவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் போன ஆகஸ்டில் மாமா வந்தார். மாமா என்றால் என் மாமனார். கும்பகோணத்துக்காரர், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய இரண்டாவது மகளும் அமெரிக்காவில்தான், குபெர்டினோ என்கிற ஊரில் இருக்கிறாள். அங்கே புதிதாகக் குழந்தை பிறந்திருந்தது. மாமியார் பேரனைப் பார்த்துக்கொள்ள அங்கே தங்கிவிட, அந்தச் சின்ன அபார்ட்மென்ட்டில் மாமாவுக்குத் தூங்க ஒரு சோபாதான் மிஞ்சியது. அதனால் அவரை எங்களிடம் அனுப்பிவிட்டார்கள். விடப்பட்டு, இன்னொரு அணியால் சேர்த்துக்கொள்ளப்பட்ட ஆட்டக்காரர் மாதிரி, ஒரே ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார்.

எங்கள் சொந்தபந்தத்தில் மாமாவுக்கு ஒரு பெயர் உண்டு. விசாரிப்பதில் அவரை அடிக்க ஆளில்லை என்பார்கள். யார் வீட்டில் வரன் வந்தாலும் முதலில் இவரைத்தான் அனுப்புவார்கள். பையன் வீட்டு ஹாலில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிடுவதெல்லாம் இவருக்கு ஒரு சடங்கு, அவ்வளவுதான். அதற்கு முந்தைய வாரமே தெருமுனைக்கு வந்து வேலையை முடித்திருப்பார். மளிகைக்கடை, டீக்கடை, இஸ்திரி வண்டி. சட்டையை இஸ்திரிக்குக் கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டு, அந்த மாடி வீட்டுப் பையன் எப்படி என்று கேட்பாராம். என் விஷயத்தில் ஊரில் எங்கள் தெரு இஸ்திரிக்காரர் என்ன சொன்னாரோ, இன்றுவரை தெரியாது. என் சட்டையைக் கருக்கிவிட்டார் என்று அவரோடு ஒரு தடவை சண்டை போட்டிருக்கிறேன்.

இந்த மனிதர் வாழ்க்கையில் செய்த முக்கியமான தேர்வுகள் இரண்டு. இரண்டாவது என் சகலை. குபெர்டினோவில் பெரிய கம்பெனியில் பெரிய வேலை. நல்ல உயரம், காலேஜில் தங்கப் பதக்கம். எந்த அணியும் முதல் சுற்றில் எடுக்கிற ஆள். முதலாவது நான்.

என்னை எடுத்தது நல்ல தேர்வா, இல்லையா? கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எனக்கு இருந்த ஒரே சந்தேகம் இதுதான். மாமா வாயைத் திறக்கவே மாட்டார். ஊரிலிருந்து யாராவது ஃபோன் பண்ணி, மாப்பிள்ளை எப்படி இருக்கார் என்று கேட்டால், "ம், இருக்கார்" என்பார். நன்றாக இருக்கிறேனா, நாசமாக இருக்கிறேனா என்று அதில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. சகலையைப் பற்றிக் கேட்டாலும் அதே "இருக்கார்"தான்; ஆனால் அதில் ஒரு குழைவு இருப்பதாக எனக்குப் படும்.

சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் நிச்சயதார்த்தம் முடிந்த கொஞ்ச நாளிலேயே எனக்கு ப்ராஜெக்ட் போய்விட்டது. என் கன்சல்டன்சிக்காரர்கள் அடுத்தது கிடைக்கும்வரை பெஞ்சில் இரு என்று சொல்லி, பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்ட்டில் என்னைப் போட்டு வைத்திருந்தார்கள். ரூம்மேட்டுகள் மூவரும் காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷனுக்கு ரயில் பிடிக்க ஓட, நான் ஜன்னல் வழியாக அவர்களுக்குக் கையசைப்பேன். விஷயம் கும்பகோணம் வரை போய், சொந்தக்காரர்கள் கூடிப் பேசியது எனக்கும் காதில் விழுந்தது. வேலையில்லாத பையன், வேறு இடம் பார்த்துவிடலாம் என்று மனைவியின் சித்தப்பா ஒற்றைக்காலில் நின்றாராம். ஆனாலும் குறித்த நாளில் பத்திரிகை அச்சாகி வந்தது. குறித்த நாளில் தாலி கட்டினேன். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு ஒரு சொந்தக் கொள்கை இருந்தது: மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, திருப்பித் தர மாட்டார்கள், அதனால்தான் கல்யாணம் நடந்தது.

என் மனைவியிடம் கேட்டால், "என்னை யாரும் கேக்கல. கேட்டிருந்தா அன்னிக்கே உங்களை ட்ராப் பண்ணச் சொல்லியிருப்பேன்" என்பாள்.

லீக் ட்ராஃப்டுக்கு மாமாவையும் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டில் தனியாக விட்டால் எங்கள் தெருவில் என்னைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிடுவார் என்கிற பயமும் காரணம். ரூம்மேட்டின் ஹாலில் ஆளுக்கொரு லாப்டாப்போடு பிரியாணித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அங்கிள், அங்கிள் என்று மாமாவுக்கு ஒரு சாய்வு நாற்காலி கொடுத்து என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். முதல் இரண்டு சுற்றில் மாமா வாயைத் திறக்கவில்லை. நானும் ஒழுங்காகவே எடுத்தேன். மூன்றாவது சுற்றில் நான் ஒருவரைத் தொடப்போனபோது மெதுவாகக் குனிந்து, "விசாரிச்சீங்களா?" என்றார்.

"இங்க விசாரிக்க ஒண்ணும் இல்ல மாமா. எல்லாம் நம்பர்தான்."

"சரி, கல்யாணம் ஆயிடுச்சா இவருக்கு?"

கையிலிருந்த ஃபோனில் தேடினேன். ஆகவில்லை. போன மாதம் ஒரு படகில் பார்ட்டி கொடுத்து போலீஸ் வந்திருக்கிறது. மாமா கேட்டுக்கொண்டு தலையை ஆட்டினார். லாப்டாப் திரையில் கீழே எங்கோ கிடந்த ஒரு படத்தை விரலால் காட்டினார். அடர்ந்த தாடி, முப்பதைத் தாண்டிய வயது. இந்த ஆட்டத்தில் ஓடுகிறவர்களுக்கு முப்பது என்றால் பென்ஷன் வாங்குகிற வயது. இவருக்கு ஆச்சா என்று கேட்டார். ஆகியிருந்தது. இரட்டைக் குழந்தைகள். போன வருடம் ஒரு ஆட்டம்கூட விடாமல் ஆடியிருந்தார்.

"அப்ப வேலைக்கு ஒழுங்கா வருவார்," என்றார் மாமா. "இவரையே முடிச்சுடுங்க."

மாமனார் முதல் தடவையாக வாய்விட்டு ஒன்று கேட்கிறார். முடித்துவிட்டேன். நான் கிக்கரை எடுத்த நாளுக்குப் பிறகு அந்த ஹாலில் அப்படி ஒரு சிரிப்பு கேட்டதில்லை. ரூம்மேட் எழுந்து வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "மச்சி, இந்தப் பொங்கலுக்கு உனக்குப் பாட்டு ரெடி," என்றான்.

காரில் திரும்பும்போது, மாமாவின் மனசு புண்படாத மாதிரி எடுத்துச் சொன்னேன். தாடிக்காரர் நல்ல ஆளாகவே இருக்கட்டும். ஆனால் அவர் மேல் வேறு யாருக்கும் கண் இல்லை. அப்படிப்பட்டவரை மூன்றாவது சுற்றில் அவசரப்பட்டு எடுப்பது வீண். கடைசிச் சுற்று வரை பொறுத்திருந்தாலும் போட்டிக்கு யாரும் வந்திருக்க மாட்டார்கள், அதுவரை வேறு நாலு நல்ல ஆட்களைச் சேர்த்திருக்கலாம், இந்த ஆட்டத்தின் சாமர்த்தியமே அதுதான் என்றேன். மாமா ஒரு சிக்னல் முழுக்க யோசித்தார். "ஓஹோ," என்றார்.

முதல் சில வாரங்கள் தாடிக்காரர் என்னைத் தலைநிமிர வைத்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்து, மாமாவும் நானும் டிவிக்கு முன்னால் உட்காருவோம். விதிகள் எல்லாவற்றையும் மாமா பிடித்துக்கொள்ளவில்லை. யார் ஒழுங்காக எழுந்து நிற்கிறார், விழுந்த எதிராளிக்கு யார் கை கொடுக்கிறார், கோச் திட்டினால் யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பார். தாடிக்காரர் ஓடினால் மட்டும், "நம்மாளு," என்பார். பட்டியலில் நான் நடுவில் இருந்தேன். ரூம்மேட் பாட்டைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியிருந்தான்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்தாறு தடியர்களுக்கு அடியில் போன தாடிக்காரர் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். கணுக்கால். எப்போது திரும்புவார் என்று அணியும் சொல்லவில்லை, டாக்டரும் சொல்லவில்லை. வாராவாரம் அவர் பெயருக்கு எதிரே பூஜ்யம். என் அணி கீழே இறங்க ஆரம்பித்தது. அதே சமயத்தில் எங்கிருந்தோ ஒரு புதுப் பையன் முளைத்தான். காற்றாய் ஓடினான். லீக்கில் யாரும் அவனை எடுத்திருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை இரவுக்குள் முந்திக்கொண்டு கேட்கிறவனுக்கு அவன் கிடைப்பான். ஆனால் அவனுக்கு இடம் கொடுக்க என் அணியில் ஒருவரை விட வேண்டும். யாரை என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது.

செவ்வாய் சாயங்காலம், ஆபீஸிலிருந்து வந்து டைனிங் டேபிளில் லாப்டாப்பைத் திறந்தேன். மாமா எதிரே உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யலாம் என்று, தாடிக்காரரை விடப்போவதாகச் சொன்னேன். மாமா கத்தியைக் கீழே வைத்தார்.

"எதுக்கு?"

"ஆறு வாரமா சும்மா உக்காந்திருக்கார் மாமா. ஒரு பாயிண்ட் இல்ல."

"அடிபட்டுத்தானே உக்காந்திருக்கார். விருப்பப்பட்டா?"

"அது சரி. ஆனா வேற நல்ல பையன் இருக்கான். இன்னிக்கு விட்டா வேற யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்க."

"இதையேதான் அன்னிக்கு என் தம்பியும் சொன்னான்."

தம்பி என்றால் மனைவியின் சித்தப்பா. ஒற்றைக்காலில் நின்றவர். எனக்கு லாப்டாப்பில் இருந்த விரல் அப்படியே நின்றது. மாமா மறுபடி கத்தியை எடுத்து நறுக்க ஆரம்பித்துவிட்டார், பேச்சு முடிந்தது என்பதுபோல். இத்தனை வருடம் கேட்காததை அன்று விட்டால் இனி கேட்க முடியாது என்று தோன்றியது. லாப்டாப்பை மூடினேன்.

"அப்ப ஏன் மாமா என்னை விடல? மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்ததாலயா?"

"அதுவும்தான்," என்றார். சிரிக்கவில்லை. ஒரு அவரைக்காயின் நாரை உரித்து முடித்துவிட்டுத்தான் மேலே பேசினார். "விசாரிச்சேன்."

"யார்கிட்ட? எங்க தெருவிலயா?"

"தெருவில என்ன தெரியும்? நீங்க இருந்தது அமெரிக்காவில. உங்க ரூமுக்கே ஃபோன் போட்டேன். நீங்க இல்ல, இன்டர்வியூக்குப் போயிருந்தீங்க. கூட இருந்த பையன் ஒருத்தன் அன்னிக்கு லீவு, அவன் எடுத்தான். வேலை இல்லாம பகல் பூரா என்ன பண்றார்னு கேட்டேன். காலையில கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து வேலை தேடுறார், மத்தியானம் நாலு பேருக்கும் சமைக்கிறார்னான். சாம்பார் சகிக்கல அங்கிள், ஆனா தினமும் வைக்கிறார்னான்."

நானும் ஒரு அவரைக்காயை எடுத்து நாரை உரிக்க ஆரம்பித்தேன்.

"வேலை போனவன் போர்வையைப் போர்த்திட்டுப் படுப்பான். இல்லாட்டி மத்தவன் மேல எரிஞ்சு விழுவான். நான் பார்த்திருக்கேன். சாம்பார் வைக்கிறவனுக்கு வேலை இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு வரும். மறுநாளே பத்திரிகை அடிக்கக் குடுத்துட்டேன்." நறுக்கிய காயைத் தட்டிலிருந்து வழித்துப் பாத்திரத்தில் போட்டார். "அவரையும் வெச்சுக்குங்க மாப்ளை. இரட்டைக் குழந்தைக்காரர்."

பால்கனிக்குப் போய் ரூம்மேட்டுக்கு ஃபோன் செய்தேன். அந்த ஃபோனை எடுத்தது அவன்தானா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சிரித்தான்.

"ஆமாடா. திடீர்னு கூப்பிட்டு கேள்வி கேட்டாரு. உன்னைப் பத்தி நல்லதா ஏதாவது சொல்லணுமேன்னு ரொம்ப யோசிச்சேன். சாம்பார்தான் கிடைச்சுது."

இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, யாரிடமும் சொல்லாதே என்று அங்கிள் கேட்டுக்கொண்டதாகச் சொன்னான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தப் புதுப் பையனை நான் கேட்கப்போகிறேனா என்று விசாரித்தான். இல்லை என்றேன். ஃபோனை வைத்தவுடன் அவனே கேட்டு எடுத்துக்கொண்டுவிட்டான். நட்பு வேறு, லீக் வேறு.

தாடிக்காரரை நான் விடவில்லை. இதைப் படிக்கிறவர்கள், அவர் நொண்டிக்கொண்டே திரும்பி வந்து, கடைசி ஆட்டத்தில் ஓடி ஓடிப் பாயிண்ட் குவித்து, என் கையில் பிளாஸ்டிக் கோப்பையைக் கொடுத்திருப்பார் என்று எதிர்பார்க்கலாம். நானும் எதிர்பார்த்தேன். டிசம்பர் கடைசி வாரத்தில் திரும்பி வந்தார். மாமா நாற்காலி நுனிக்கு வந்தார். தாடிக்காரர் பந்தை வாங்கி நன்றாகவே நாலைந்து தடவை ஓடினார், நெற்றியில் வியர்வைகூட வந்தது. அதற்குள் அவருடைய அணி வெகுதூரம் முன்னால் போய்விட்டது. இனி எதற்குப் பெரியவரைச் சிரமப்படுத்துவது என்று கோச் அவரை உட்கார வைத்துவிட்டார். ரூம்மேட் எடுத்துக்கொண்ட புதுப் பையன் மூன்று தடவை எல்லைக் கோட்டைத் தாண்டிப் பாயிண்ட் குவித்தான். நான் கடைசி இடத்தில் முடித்தேன். கொஞ்சநஞ்சம் இல்லை, எனக்கு மேலே இருந்தவரைக் கண்ணால் பார்க்க முடியாத தூரத்தில்.

மகள் இந்தத் தடவை என்னிடம் எதுவும் சொல்லவில்லை. மாமாவிடம் போய், "தாத்தா, இட்ஸ் யுவர் ஃபால்ட் டூ," என்றாள். மாமா ஒப்புக்கொண்டார். டீமில் தனக்கும் பங்கு உண்டு, மேடைக்குத் தானும் வருவதாகச் சொன்னார்.

அப்படித்தான் இந்தப் பொங்கலுக்கு நாங்கள் இரண்டு பேரும் மேடை ஏறினோம். சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு ஜனங்கள் ஃபோனைத் தூக்கினார்கள். மாமா மடிப்புக் கலையாத வேட்டியில், திருமண வரவேற்பில் நிற்பதுபோல் என் பக்கத்தில் நின்றார். மைக் ரூம்மேட் கையில். என் லீக் வரலாற்றைக் கிக்கரில் ஆரம்பித்துத் தாடிக்காரர் வரை விஸ்தாரமாகச் சொன்னான். கீழே என் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்து ரொம்பவும் ரசித்துக்கொண்டிருந்தாள். போதாததற்கு, குபெர்டினோவிலிருந்து சகலை வீடியோ காலில் இருந்தார். மகள் ஃபோனை மேடைக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

பாட்டைப் போடப்போன ரூம்மேட் நின்றான். ஏப்ரலில் டிவி நிபுணர்கள் கேட்கிற தோரணையில் மைக்கை மாமா பக்கம் நீட்டினான்.

"அங்கிள், ஒரே ஒரு கேள்வி. நீங்க எடுத்த இந்த மாப்ளைக்கு என்ன கிரேடு?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் என் காது சிரிக்கவில்லை. மாமா மைக்கை வாங்கிக்கொண்டார். மேடையில் பேசிப் பழக்கமில்லாதவர். மைக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கீழே தன் மகளைப் பார்த்தார்.

"சாம்பார் இப்பவும் சுமார்தான்," என்றார்.

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"மறுபடி ஒரு தடவை எடுக்கச் சொன்னா இவரைத்தான் எடுப்பேன். ஆனா இந்தத் தடவை அவசரப்பட மாட்டேன். கடைசிச் சுற்று வரைக்கும் பொறுத்து எடுப்பேன். போட்டிக்கு யாரும் வரமாட்டாங்க."

ஹால் ஓய்வதற்கு நேரம் ஆனது. ரூம்மேட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கர் மேல் சாய்ந்துவிட்டான். மகள் கையிலிருந்த ஃபோனுக்குள் சகலை ஏதோ கத்திக் கேட்டார். தன்னுடைய கிரேடு என்ன என்று கேட்டதாக அவள் பிறகு சொன்னாள். அவர் முதல் சுற்று ஆள், அவருக்கு எதற்குக் கவலை? என் காதில் அப்போது அதெல்லாம் விழவில்லை. லீக் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும், கடைசிச் சுற்றில் எடுத்து வைத்துக்கொள்கிறேன் என்பது எவ்வளவு பெரிய வார்த்தை என்று. இவர்தான் வேண்டும் என்று முன்பே மனசுக்குள் முடிவு செய்துவிட்டவன்தான் அப்படிப் பொறுத்திருப்பான்.

பாட்டு ஆரம்பித்தது. ரூம்மேட் இருப்பதிலேயே வேகமான பாட்டாகப் பார்த்துப் போட்டிருந்தான். நான் வலது காலைத் தூக்கினேன். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, விசாரிப்பதுபோல் என் காலையே கவனித்துவிட்டு, இடது காலைத் தூக்கினார்.